ஒரே ஒரு சண்டையைப் படிக்கலாம் என்றால்: மாஸ்கோவா, மிட்வேயா, ஸ்டாலின்கிராடா, இம்பாலா?

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்துக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரை இருபது பேர் வருவார்கள். இரண்டாம் உலகப் போரைப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆறு அமர்வுகளில் ஆறு வருடப் போரையும் ஓடிக் கடந்தால் தேதிகளும் தளபதிகளின் பெயர்களும்தான் மிஞ்சும். மறு மாதம் அவையும் மறந்துபோகும். அதனால் ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு அடிவரை தோண்டலாம் என்று சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எந்தச் சண்டை என்பதை முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

திருப்புமுனை என்ற சொல்லுக்கு நான் வைத்துக்கொண்ட பொருள் எளிமையானது: ஒரு தரப்பு தான் திட்டமிட்டபடி போரை நடத்த முடியாமல் போன இடம். அது நிஜமாகவே அங்கே நடந்ததா என்பது என் முதல் கேள்வி. ஏன் நடந்தது என்பதைப் புதிதாக வரும் ஒரு வாசகருக்குக் கண்ணில் காட்ட முடியுமா என்பது இரண்டாவது. வெற்றி தோல்வியைத் தளபதியின் துணிச்சலாலும் சிப்பாயின் வீரத்தாலும் மட்டும் விளக்கிவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீரம் எல்லாப் பக்கமும் இருந்தது. சோறு எல்லாப் பக்கமும் இருக்கவில்லை.

சிலவற்றை முதலிலேயே விலக்கிவிட்டேன். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஜெர்மனி அதற்கு முன்பே தோற்கத் தொடங்கியிருந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி பெலாரஸில் சோவியத் படை தொடங்கிய பக்ரேஷன் தாக்குதல் ஒரு முழு ஜெர்மன் படைத்தொகுதியையே நொறுக்கியது. நம் பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. எகிப்தின் எல் அலமெய்னில் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது என்பதால் ஆசை இருந்தது; ஆனால் ஜெர்மன் தளபதி ரோமெலிடம் அங்கே இருந்தது ஜெர்மன் ராணுவத்தின் சிறு துண்டுதான். 1943 ஜூலையில் ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க், ஏற்கெனவே திரும்பிவிட்ட போரை உறுதிப்படுத்திய சண்டை. விட மனமில்லாமல் விட்டது அட்லாண்டிக் கடல் போர். 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்து, ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் தன் கப்பல்களை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கச் செய்தார். ஆனால் ஐந்தரை ஆண்டுகள் ஒரு பெருங்கடல் முழுக்க நடந்த போரை ஆறு ஞாயிறுகளில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சியவை நான்கு.

மாஸ்கோ, 1941

போர் உண்மையில் எங்கே திரும்பியது என்று மட்டும் கேட்டால் என் பதில் மாஸ்கோ. ஹிட்லரின் திட்டம் முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நின்றது: சில மாதங்களில் சோவியத் யூனியன் சரிந்துவிடும். 1941 அக்டோபர் தொடக்கத்தில் டைஃபூன் என்று பெயரிட்ட தாக்குதல் தொடங்கியது. வியாஸ்மா, பிரையான்ஸ்க் பகுதிகளில் லட்சக்கணக்கான சோவியத் வீரர்கள் வளைக்கப்பட்டுக் கைதானார்கள். அரசு அலுவலகங்களும் வெளிநாட்டுத் தூதரகங்களும் கிழக்கே இருந்த குய்பிஷேவ் நகருக்கு மாற்றப்பட்டன. லெனினின் உடலைக்கூட சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் 16 அன்று மாஸ்கோ மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கு நோக்கி ஓடினார்கள்.

பிறகு மழை வந்தது, சேறு வந்தது, பனி வந்தது. குளிர்தான் ஜெர்மனியைத் தோற்கடித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குளிர் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். ஜெர்மன் படை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை நம்பி ரஷ்யாவுக்குள் போயிருந்தது. ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் வேறு. ஜெர்மன் ரயில் ஓட வேண்டுமானால் தண்டவாளத்தை மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கிடைத்த சில ரயில்களில் குண்டுகளையும் எரிபொருளையும் ஏற்றுவதா, கம்பளி உடைகளை ஏற்றுவதா என்று தேர்வு செய்ய வேண்டியிருந்தது. முன்னவற்றை ஏற்றினார்கள். சிப்பாய் கோடை உடையில் விறைத்தான். டிசம்பர் 5 அன்று சோவியத் படை திருப்பித் தாக்கியது; ஜெர்மானியர் 100 முதல் 250 கிலோமீட்டர் வரை பின்தள்ளப்பட்டார்கள். அதே வாரத்தில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது, டிசம்பர் 11-இல் ஜெர்மனி அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. குறுகிய போருக்குத் திட்டமிட்டவர்கள் உலகின் பெரிய தொழிற்சாலைகளுக்கு எதிரான நீண்ட போரில் சிக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மாஸ்கோவை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? போர்முனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம். நிற்பதற்கு ஓர் இடம் கிடைப்பதில்லை. மாநிலப் பாடத்தைத் தாண்டாத ஒரு பிள்ளைக்கு முதல் அமர்விலேயே முப்பது ரஷ்ய ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் இரண்டாம் அமர்வுக்கு அது வராது. தவிர, 1942 கோடையில் ஜெர்மானியர் மறுபடி காகசஸ் எண்ணெயை நோக்கிப் பாய்ந்ததைப் பார்க்கும்போது, திரும்பிய போர் மீண்டும் திரும்பிவிட்டதா என்ற குழப்பமும் வரும். போரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு புத்தகமாவது படித்தவர்களின் வட்டம் என்றால் தயங்காமல் மாஸ்கோவை எடுங்கள்.

மிட்வே, 1942

நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சண்டை இல்லை. பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கா வைத்திருந்த மிட்வே தீவை ஒட்டி ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த கடல் சண்டை; ஜூன் 4 முதல் 7 வரை நான்கே நாள். ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் தெளிவாக இருக்கும்.

நமக்கு நெருக்கமான ஒரு முன்கதையும் உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைக் குண்டு வீசித் தாக்கியது ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் படை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைக் கடலுக்குள் அனுப்பியது. இடையில் ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறி உள்ளூர்களுக்குப் போனார்கள். அந்த ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்று கப்பல்களும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. அவற்றோடு காகா என்ற நான்காவது கப்பலும் மூழ்கியது.

இந்தச் சண்டையின் அருமையான பகுதி போர் தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது. ஜப்பானியர் ஏஎஃப் என்ற குறியீட்டால் சுட்டும் இடம் மிட்வேதானா என்று ஹவாயில் இருந்த, அமெரிக்கக் கடற்படைக்காக மறைகுறி உடைக்கும் ரோஷ்ஃபோர்ட்டின் குழுவுக்கு உறுதி தேவைப்பட்டது. மிட்வேயில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தியை மறைகுறி இல்லாமல் அனுப்பச் செய்தார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று ஏஎஃப்-இல் தண்ணீர் தட்டுப்பாடு என்றது. அடுத்தது யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் கதை. பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த கப்பலைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்ற மதிப்பீடு இருந்தபோது, அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் மூன்று நாள் கொடுத்தார். பேர்ல் ஹார்பர் பட்டறைத் தொழிலாளர்கள் இரவு பகலாக ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள்.

ஜப்பானிய விமானங்கள் கப்பல் தளத்தில் புறப்படத் தயாராக நின்ற நொடியில் குண்டு விழுந்தது என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பின்னாளைய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பெரும்பாலான விமானங்கள் இன்னும் கீழ்த்தளக் கொட்டகையில்தான் இருந்தன. ஆனால் சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் தீப்பிடித்தது உண்மை.

எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு. மிட்வேயில் முடிவு மாறியிருந்தாலும், போர் முடிவதற்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட எசெக்ஸ் ரகப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களைப் பணியில் இறக்கிய நாட்டை ஜப்பான் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்? மிட்வே போரின் வேகத்தை மாற்றியது. முடிவு அமெரிக்கக் கப்பல் கட்டும் துறைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஞாயிறுகள் மட்டும் உள்ள வட்டத்துக்கு மிட்வே போதும். ஆறு ஞாயிறுகளுக்கு அது நீளாது.

ஸ்டாலின்கிராடு, 1942–43

பெரும்பாலோர் கை தூக்கியது இதற்குத்தான். தூக்கியதில் தவறில்லை. வோல்கா நதிக்கரையில் ஒரு தொழில் நகரம். தெருத்தெருவாக, மாடிப்படி மாடிப்படியாகச் சண்டை. சோவியத் 62-ஆவது படையின் தளபதி சுய்கோவ், ஜெர்மன் விமானங்கள் குண்டு வீச முடியாதபடி தன் வீரர்களை எதிரியின் மூச்சுக்காற்று படும் தூரத்திலேயே வைத்திருந்தார். தானியக் கிடங்கு ஒன்றில் சில பத்துப் பேர் நாள்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். உள்ளே கோதுமை புகைந்துகொண்டிருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கோதுமைக் கிடங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தொண்டை வறண்டுபோகிறது எனக்கு.

நவம்பர் 19 அன்று சோவியத் படை நகரத்துக்குள் தாக்கவில்லை. நகரத்துக்கு வடமேற்கிலும், மறுநாள் தெற்கிலும், வலுக்குறைந்த ருமேனியப் படைகள் காத்த பக்கவாட்டில் இடித்தது. நவம்பர் 23-இல் வளையம் மூடியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே.

என் கவனம் நின்றது அடுத்த பகுதியில்தான். வளையத்துக்குள் இருக்கும் படைக்கு வானத்திலிருந்தே சோறு போடலாம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் ஹிட்லருக்கு வாக்குக் கொடுத்தார். உள்ளே சிக்கிய, பாவ்லஸ் தலைமையிலான ஆறாவது படைக்குக் குறைந்தது நாளொன்றுக்கு 300 டன் தேவை. சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன் அளவுதான். டிசம்பர் 24 அன்று சரக்கு விமானங்கள் புறப்பட்ட தட்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள்ளேயே சோவியத் டாங்கிகள் புகுந்தன. ஜனவரியில் வளையத்துக்குள் இருந்த பிடோம்னிக் தளமும் அதன் பிறகு கும்ராக் தளமும் பறிபோயின. குதிரைகளைத் தின்றார்கள். ரொட்டி அளவு 100 கிராமுக்கும் கீழே இறங்கியது. 1943 ஜனவரி 30-இல் பாவ்லஸை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார் ஹிட்லர்; அந்தப் பதவியில் இருந்த ஜெர்மானியர் எவரும் அதுவரை உயிரோடு பிடிபட்டதில்லை என்பதுதான் அந்த உயர்வின் பொருள். மறுநாள் பாவ்லஸ் சரணடைந்தார். சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில் பல வருடம் கழித்து ஊர் திரும்பியவர்கள் ஐயாயிரம், ஆறாயிரம் பேர். சோவியத் பக்கம் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். வெற்றி என்ற சொல்லை உச்சரிக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய வாசகரைப் பிடித்து இழுக்கும் சக்தி ஸ்டாலின்கிராடுக்கு நிறையவே உண்டு. பாத்திரங்கள், இடம், பருவம் எல்லாம் கண்முன் நிற்கும். நான்கில் இதைத் தேர்ந்தெடுப்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

இம்பால்–கோஹிமா, 1944

என் தேர்வு இது. வட்டத்தில் உள்ள மூத்த ஆசிரியர் ஒருவர் உடனே மறுத்தார்: "சார், பர்மா ஒரு ஓரப் போர்முனை. இம்பாலில் பிரிட்டிஷார் தோற்றிருந்தாலும் ஹிட்லர் தோற்றிருப்பான், ஜப்பான்மீது அணுகுண்டும் விழுந்திருக்கும்." அவர் சொன்னது சரி. உலகப் போரின் அச்சு மணிப்பூரில் திரும்பவில்லை. பர்மாப் போர் அங்கே திரும்பியது. அதுவரை தரையில் ஜப்பானியப் படை அடைந்த தோல்விகளில் மிகப் பெரியது அது.

ஆனாலும் எடுத்தேன். காரணம் அந்த 300 டன்.

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதகுச்சியின் பதினைந்தாவது படை மூன்று டிவிஷன்களோடு சிந்த்வின் நதியைக் கடந்தது. வீரனிடம் மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலைப் பிடித்து, பிரிட்டிஷ் கிடங்குகளில் இருக்கும் அரிசியைச் சாப்பிடலாம் என்பது கணக்கு. நடக்கும் உணவாக ஓட்டிவந்த மாடுகளில் பல ஆற்றிலும் மலைச்சரிவிலும் செத்தன.

எதிரே பிரிட்டிஷ் பதினான்காவது படையின் தளபதி ஸ்லிம்முக்கு மூன்று வழிகள் இருந்தன. சிந்த்வினைக் கடந்து முந்திக்கொண்டு தாக்கலாம். ஆற்றங்கரையிலேயே தடுத்து நிற்கலாம். அல்லது படைகளை இம்பால் சமவெளிக்குப் பின்னிழுத்து, எதிரியை மலை தாண்டி வரவிட்டு அங்கே சண்டை போடலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். தன் உணவுக்கிடங்கு பக்கத்திலும் எதிரியின் கிடங்கு மலைகளுக்கு அப்பாலும் இருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. கணக்கு சரி, செயலில் பிழைகள் நேர்ந்தன. பர்மாவின் டிட்டிம்மில் இருந்த 17-ஆவது டிவிஷனைத் திருப்பி அழைப்பதில் தாமதம் ஏற்பட்டது. கோஹிமாவுக்கு டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு ரெஜிமென்ட்தான் வர முடியும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சாட்டோவின் 31-ஆவது டிவிஷன் முழுவதும். ஸ்லிம் பின்னாளில் இந்தத் தவறுகளைத் தன்னுடையவை என்றே ஒப்புக்கொண்டார். தளபதிகளில் அது அரிது.

மார்ச் இறுதியில் இம்பால்–கோஹிமா சாலை துண்டிக்கப்பட்டது. ஒன்றரை லட்சம் பேர் வளையத்துக்குள். ஸ்டாலின்கிராடில் நடந்ததே இங்கேயும் நடந்தது: சுற்றி வளைக்கப்பட்ட படை, வானம் மட்டும் திறந்திருக்கிறது. இங்கே விமானம் வந்துகொண்டே இருந்தது. சீனாவுக்கு இமயமலைக்கு மேலாகச் சரக்கு கொண்டுபோன அமெரிக்க விமானங்களில் சிலவற்றை, நேச நாட்டுத் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் திருப்பிவிட்டார். பர்மாவின் மேற்குக் கரையில் அரக்கானில் இருந்த ஐந்தாவது இந்திய டிவிஷன் பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் விமானத்தில் ஏறி வந்து இறங்கியது. அரிசி, மாவு, குண்டு, பெட்ரோல் உள்ளே. காயம்பட்டோரும் சண்டையிடாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் வெளியே. கோரிங் வாயால் கொடுத்ததை இங்கே சமவெளியில் போட்ட ஓடுபாதைகள் செய்து காட்டின. ஒரே கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகளை அடுத்தடுத்து வைத்துக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோஹிமாவில் நிற்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது: டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம். ஏப்ரல் 5 முதல் இரண்டு வாரம், சண்டையிடக்கூடியவர்கள் ஏறக்குறைய 1,500 பேர் அந்த மலைமுகட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எதிர்த்து நின்றார்கள். ராயல் வெஸ்ட் கென்ட், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் வீரர்கள். கடைசியில் மைதானத்தின் ஒரு விளிம்பில் இவர்கள், மறு விளிம்பில் ஜப்பானியர். நடுவே வெள்ளைக்கோடு போட்ட தரை; அதன் குறுக்கே கையெறி குண்டுகள். தண்ணீர்க் குழாய் எதிரியின் கையில் போனபின், இருட்டில் தவழ்ந்துபோய் ஒரு சிறு ஊற்றிலிருந்து நிரப்பி வந்தார்கள்; ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் அளவு. முற்றுகை உடைந்த பிறகும் மைதானத்தை ஜப்பானியர் விடவில்லை. மே மாதம் ஒரு டாங்கியைச் சரிவில் இறக்கி மைதானத்துக்கே கொண்டுவந்து பதுங்குகுழிகளைச் சுட்ட பிறகுதான் அது மீண்டது. நாகா மக்கள் வழிகாட்டினார்கள், சுமந்தார்கள், காயம்பட்டவர்களை முதுகில் தூக்கி வந்தார்கள். அவர்களுடைய கிராமங்கள் எரிந்தன. அது அவர்கள் கேட்டு வாங்கிய போர் அல்ல.

சாட்டோ சோறும் குண்டும் கேட்டு அனுப்பிய தந்திகளுக்குப் பயன் கிடைக்கவில்லை. மே இறுதியில் கட்டளையை மீறித் தன் டிவிஷனைத் திருப்பிக்கொண்டு போனார். ஜப்பானிய ராணுவத்தில் நினைத்துப் பார்க்க முடியாத செயல் அது. மூன்று டிவிஷன் தளபதிகளும் பதவி இழந்தார்கள். ஜப்பானியரில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும் பங்கு பசியாலும் நோயாலும், பின்வாங்கிய மழைக்காலப் பாதையில். பிரிட்டிஷ்–இந்தியப் பக்கம் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் சேர்த்து ஏறக்குறைய 17,000.

நமக்கு உள்ள தொடர்பையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது உண்மை. ஆனால் இம்பால் போர்முனைக்குப் போன முதல் டிவிஷனில் பெரும்பாலோர் ஜப்பானியரிடம் முன்பு சிறைப்பட்ட பழைய இந்தியச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கத்துப் படையிலும் இந்தியர்களே மிகுதி. இரண்டு அணிகளிலும் நம்மவர்கள் நின்ற அந்த வேதனையை, ஒரு பக்கத்தைத் துரோகி என்று சொல்லித் தப்பிக்காமல் பேச வேண்டும் என்று வட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று: 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த லட்சக்கணக்கான இந்தியர்களில் தமிழர்களும் திரளாக இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தமு, பலேல், இம்பால், திமாபூர் என்று வந்த வழியில்தான் இரண்டு வருடம் கழித்து இந்தச் சண்டை நடந்தது. வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு நினைவுத்தூண் இல்லை.

ஆக, என் கணக்கு இப்படி நின்றது. போர் எங்கே திரும்பியது என்பதற்கு மாஸ்கோ. குறைந்த நேரத்தில் முழுமையாகப் படிக்க மிட்வே. மனிதர்களின் முகம் பார்த்துப் படிக்க ஸ்டாலின்கிராடு. எப்படித் திரும்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்டாலின்கிராடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இம்பால்.

முதல் ஞாயிறு வரைபடத்துக்கு மட்டும். இரண்டாவதில் மாஸ்கோ முதல் மிட்வே வரை ஓர் ஓட்டம். மூன்றாவதில் ஸ்டாலின்கிராடின் வான்வழி வழங்கல். கடைசி மூன்றும் மணிப்பூருக்கும் கோஹிமாவுக்கும். மூத்த ஆசிரியரிடம் மூன்றாவது ஞாயிறைக் கொடுத்திருக்கிறேன். அந்த 300 டன் கணக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்க அவரைவிடப் பொருத்தமானவர் எங்கள் வட்டத்தில் இல்லை. ஆறாவது ஞாயிறை 1944 ஜூன் 22-இல் முடிக்கிறோம். அன்று கோஹிமாவிலிருந்து இறங்கி வந்த படையும் இம்பாலிலிருந்து ஏறி வந்த படையும் 109-ஆம் மைல்கல்லில் சந்தித்தன. ஏறக்குறைய மூன்று மாதம் மூடிக் கிடந்த சாலையில் மறுபடி லாரிகள் ஓடத் தொடங்கின.